சாதாரணமான தும்பிகள்

சேற்று வயலில் முழங்கால் புதைய நின்று தும்பிகளை இனம் கண்டு எழுதுவதை யாரும் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடையில் விசாரணை

விலங்கியல் படித்துவிட்டு ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் வாப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்து பூச்சி வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். குக்கர் வாங்க வந்தவர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். உடனே என்னை விட்டுவிட்டு வாப்பா பக்கம் திரும்பினார்.

"ஏன் பாய், மெயின்லேண்ட்ல மாப்பிள்ளை பார்க்கிறப்ப இதைச் சொல்லிடுவீங்களா, மறைச்சிடுவீங்களா?"

வரப்பில் வரவேற்பு

எனக்குக் கிடைத்தது ஹேவ்லாக் தீவில் ஒரு நெல்வயல். பயிர் செய்தவர் ஷோபா என்ற வங்காளிப் பெண், நிலம் வேறொருவருடையது. முதல் நாள் பைனாகுலரும் நோட்டுமாக வரப்பில் ஏறியதுமே அரிவாளோடு ஓடி வந்தார். நிலம் அளக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். தும்பி எண்ணத்தான் வந்தேன் என்று என் பஜார் இந்தியில் புரியவைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"நாங்க இத்தனை பேர் இங்க இருக்கோம் பெஹன், எங்களை எண்ண ஒருத்தரும் வரலையே!"

பெயர் தெரியாதது

வயலில் இறங்கிய ஐந்தாம் மாதக் கடைசியில், வாய்க்கால் ஓரம் ஊசித்தட்டான் என்கிற ஒல்லித் தும்பி ஒன்றைப் பார்த்தேன். கருநீல உடல், வால் நுனியில் வெள்ளை. என்னிடமிருந்த எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப்போகவில்லை. வால் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். நான் எடுத்த படமோ கலங்கல். அடுத்த மூன்று நாளும் அடைமழை.

போர்ட் பிளேர் திரும்பி, இன்னும் பத்து நாள் கொடுங்கள் என்று எங்கள் அதிகாரியிடம் கெஞ்சினேன். அவர் வயலில் கால் வைத்தவரில்லை. அறிக்கையில் 'பெயர் தெரியாதது ஒன்று' என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, 'அனைத்தும் சாதாரணமாகக் காணப்படும் இனங்களே' என்று எழுதி என் பக்கம் தள்ளினார். ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருந்தது. நீட்டிப்பது அவர் கையில். கையெழுத்துப் போட்டேன். தாளை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"பேர் தெரியலைன்னா அது இல்லைன்னுதாம்மா அர்த்தம்."

மேடான வயல்

மறு வருஷம் போனபோது வயலைக் காணவில்லை. நிலக்காரர் ரிசார்ட்டுக்கு விற்றிருந்தார். மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அங்கே அரிதானது எதுவும் இல்லை என்பதற்குச் சான்றாக, அனுமதிக் கோப்பில் என் அறிக்கையும் இருந்ததாம். ஷோபா தீதி இப்போது வேறொரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறார். திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன். திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

"அஞ்சு மாசம் என் வயல்ல நின்னியே பெஹன், ஒண்ணுகூடவா உனக்கு முக்கியமாப் படலை?"

என் ஒப்பந்தத்தை மேலும் ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள், அனுபவசாலி என்று.