இடியாப்பத்துக்குச் சாம்பிராணி

பாம்பை வீட்டுக்குள் விட எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் சம்மதித்தாள். பல்லியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறி நிற்கிறவள் அவள். ஆனால் பெற்ற பிள்ளை எட்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால், அவன் வாய் திறந்து கேட்பது பாம்பென்ன, பூதமாகவே இருந்தாலும் சரியென்றுதான் சொல்லத் தோன்றும்.

மகன் இர்ஷாத் வளைகுடாவில், அஜ்மானிலேயே பிறந்து வளர்ந்தவன். இன்ஜினியரிங் படிக்கச் சென்னைக்கு அனுப்பினார்கள். அவன் பேசுகிற தமிழைக் கேட்டு ஹாஸ்டலில் சிரித்தார்களாம், 'ஷேக்கு' என்று பட்டம் வைத்தார்களாம். இது வார்டன் ஃபோனில் சொன்னது. இன்னும் என்னென்ன நடந்ததோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். முதல் வருஷம் முடியுமுன்பே திரும்பி வந்து அறைக்குள் போனவன்தான். வாசலில் தட்டை வைத்தால் எடுத்துக்கொள்வான், பிறகு காலித் தட்டு வெளியே வரும். கதவுக்கு அடியில் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் பிள்ளை விழித்திருக்கிறான், தெரியாவிட்டால் தூங்குகிறான். மகனைப் பற்றி அவளுக்குக் கிடைத்துவந்த சேதி அவ்வளவே.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் தானாகச் சமையற்கட்டுக்கு வந்து நின்றான்.

"உம்மா, ஒன்னு கேக்கவா? என் ஃபிரண்டு ஃபேமிலியோட கனடா போறான். அவனோட பைத்தானை யாரும் எடுத்துக்க மாட்டேங்குறாங்க. சின்னது. விஷம் இல்ல. நான் எடுத்துக்கவா?"

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். தாடி மண்டி, கண் குழி விழுந்து கிடந்த முகம். "வாப்பாட்ட நான் பேசிக்கிறேன் ராசா," என்றாள்.

வாப்பா கௌஸ் முகைதீனுக்கு ஷார்ஜாவில் பலசரக்குக் கடை. கடை சாத்தி வந்த மனுஷர் விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது குடும்பம் இருக்கிற ஃபிளாட்டா, இல்ல மிருகக்காட்சிச் சாலையா? ஒனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?"

"என்னாங்க, அவன் எங்கிட்ட வந்து கேட்டான். அவனா வந்து கேட்டான்."

அவர் எழுந்து பணப்பையை எடுத்தார். அவருக்கும் அவன் பிள்ளைதானே?

கண்ணாடிப் பெட்டி வந்தது, வெப்ப விளக்கு வந்தது, ஒரு துணிப்பையில் அதுவும் வந்தது. முழங்கை நீளம்தான் இருக்கும். பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக, தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருண்டு கிடந்தது.

"பயந்தா இப்பிடித்தான் உம்மா. புது இடம்ல. யாரும் தொந்தரவு பண்ணலேன்னா மெதுவா வெளிய வரும்," என்றான் இர்ஷாத்.

ஃபிர்தௌசுக்கு அழுகை முட்டியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "என்னடா இது, தட்டுலே பிழிஞ்சு வச்ச இடியாப்பமாட்டம் இருக்கு?" என்றாள்.

பிள்ளை சிரித்தான். சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவள் ஒன்பது பாம்பை வளர்த்திருப்பாள். பாம்புக்குப் பெயரும் அதுவே ஆகிவிட்டது.

அன்றிலிருந்து, "உம்மா, இடியாப்பம் வெளிய வந்திருக்கு, வாங்க" என்று கூப்பிடுவான். உள்ளே போனதும், "கதவைச் சாத்துங்க, சூடு போயிடும்" என்பான். கதவு முன்னைப்போல் சாத்தித்தான் இருந்தது. ஆனால் இப்போது அவளும் உள்ளே இருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகச் சொல்வதையெல்லாம் கேட்பாள். பாம்புக்குத் தீனியாக ஐஸில் வைத்த எலிக்குஞ்சைக் கோழிக்கறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான் என்று ஒரு நாள் ஃப்ரிட்ஜைக் காலி செய்து மூன்று தடவை கழுவினாளே தவிர, ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு சாயங்காலம் அவன் அதை அவள் கையில் வைத்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிஸ்மி சொன்னாள். வழவழவென்று, உலர்ந்து, கனமில்லாமல் இருந்தது. அந்தச் சாயங்காலம்தான் அவன் ஹாஸ்டலைப் பற்றி முதல்முதலாக வாய் திறந்தான். "ரூமுக்கு வெளிய என்னைய வச்சுப் பூட்டிட்டாங்க உம்மா," என்று தொடங்கி, "அப்புறமாச் சொல்றேன்," என்று நிறுத்தினான். சரி, சொல்லட்டும், மெதுவாகச் சொல்லட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்து வந்த வியாழக்கிழமை, எலி வாங்கக் கடைக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டினான். தன்னந்தனியாக. அவன் தெருமுனை திரும்புகிறவரை அவள் பால்கனியில் நின்றாள். பிறகு தொழுதுவிட்டுச் சாம்பிராணிச் சட்டியைப் பற்றவைத்தாள்.

வியாழக்கிழமை அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அறை அறையாகப் புகை காட்டுவது அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த வழக்கம். இத்தனை மாதமும் இர்ஷாதின் அறைக்கு மட்டும் புகை போகவில்லை. அந்தக் குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. இன்று கதவு திறந்து கிடந்தது. குர்ஆனிலிருந்து யாசீன் ஓதியபடி மூலை மூலையாகக் காட்டினாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். குழந்தையாக இருந்த இர்ஷாதைக் குளிப்பாட்டி, முடி காய இதே சட்டியில்தான் புகை காட்டினாள். வீட்டுக்கு வந்த புது உசிரை மட்டும் ஒதுக்குவதா? மூடியை ஒரு பக்கம் தூக்கி, சட்டியை அதன் அருகே ஒட்டிப் பிடித்தாள். உள்ளே நிறையப் புகை போகட்டும் என்று முந்தானையால் விசிறினாள். மூடியைப் போட்டாள். கண்ணாடிக்குள் வெள்ளையாகப் புகை சுற்றியதைப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது.

நாலைந்து நாளில் இடியாப்பம் வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. மூக்கில் நுரை. தலையை மேலே தூக்கியபடியே இருந்தது. டாக்ஸியில் மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டர் ரோஹித் இந்திக்காரர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாம்பு இருக்கும் அறையில் ஏதாவது புகை போட்டீர்களா? ஊதுபத்தி, பகூர் ஏதாவது?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்ல டாக்டர்," என்றான் இர்ஷாத்.

ஃபிர்தௌசுக்கு இந்தி புரியும். "நான்தான்," என்றாள். "பெட்டிக்குள்ளேயே காட்டினேன். நல்லதுக்குத்தான்..."

பாம்பின் நெஞ்சு அதைத் தாங்காது என்றார் டாக்டர். ஊசி போட்டார். இர்ஷாத் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

அது இரண்டு நாள்தான் இருந்தது. பிறகு சுருளாமல், நீளமாகக் கிடந்தது.

புதைக்க அவளும் கிளம்பினாள். "வேணாம் உம்மா." "ராசா, ஏதாவது ரெண்டு வார்த்தை திட்டிடுடா." "இட்ஸ் ஓக்கே உம்மா." அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது பிழைத்துப்போயிருப்பாள். புதைத்துவிட்டு வந்தவன் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

தட்டு மறுபடி வாசலுக்கு வந்தது. அப்புறமாகச் சொல்கிறேன் என்றானே, அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. கேட்க இவளுக்கு வாய் ஏது?

அதற்கடுத்த வியாழக்கிழமை அவள் சட்டியைத் தொடவில்லை. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்த கௌஸ் முகைதீன், வீடு இருளடைந்து கிடக்கிறதே என்று தானே சாம்பிராணியைப் போட்டார். புகை எழுந்து நடையில் மெல்ல வந்தது. அதைக் கண்டதும் ஃபிர்தௌஸ் பதறியடித்துக்கொண்டு ஓடினாள். துண்டை நனைத்துப் பிழிந்து, மகனின் கதவுக்கு அடியில் மண்டியிட்டு, இடுக்கு முழுக்க அடைத்தாள்.

"பாம்புதான் போயிடுச்சே, உள்ளே என்ன இருக்குன்னு இப்பிடி அடைக்கிறே?" என்றார் கணவர்.

அவள் தன் கையைப் பார்த்தாள். இடுக்கில் தெரிந்துகொண்டிருந்த வெளிச்சம் இப்போது தெரியவில்லை. எடுத்துவிடலாம் என்று துண்டைத் தொட்டாள். புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை.