பொட்டு வைத்த மரவாள்

வெட்டவும் கூடாது, உடையவும் கூடாது. இப்படி ஒரு வாளைச் செய்து விற்கிறதுதான் என் தொழில். ஒக்லண்டில், ஹில்ஸ்பரோவில், எங்கள் வீட்டுக் கராஜ்தான் பட்டறை. ஐரோப்பாவில் அந்தக் காலத்து வாத்திமார் எழுதி வைத்த வாள்வித்தைப் புத்தகங்களைப் பார்த்து, அதே மாதிரிப் பழகுகிற கூட்டம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. வேலை முடிந்து வந்து, முகமூடி மாட்டி, ஆளுக்காள் நாலு அடி போட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். இரும்பு வாளைத் தொட முதல் அவர்கள் கையில் பிடிக்கிற மரவாள் நான் செய்தது. கேக் அடிக்கிறவர்களே, பிளவுஸ் தைக்கிறவர்களே, மற்றவர்களுக்குச் செய்து கொடுத்துவிட்டு அவர்களிடமே வாங்கிக் கட்டிக்கொள்கிற என் இனமே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

கோயில் வரிசையில்

முந்தி நான் குசினி அலுமாரி செய்கிற ஃபாக்டரி ஒன்றில் பலகை வெட்டினேன். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போய், ஒரு குளிர்காலம் முழுக்க இருமித் தள்ளினேன். அப்போது கிரெக் என்று ஒருவர், பகலில் கணக்காளர், மாலையில் வாள் வாத்தியார், நான் பொழுதுபோக்காகச் செய்த மரக்கரண்டிகளைப் பார்த்துவிட்டு வாள் செய்ய ஏலுமா என்று கேட்டார். செய்தேன். அவருடைய கிளப் முழுக்க என் வாளைப் பிடிக்கத் தொடங்கியதும் ஃபாக்டரிக்கு முழுக்குப் போட்டேன்.

இதைக் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, எங்கள் ஊர்க்கார அக்கா ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கையில் பிளேட்டுடன் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "ஆயுதத்துக்குப் பயந்துதானே பிள்ளை நாங்கள் எல்லாரும் உடுத்த துணியோட ஓடி வந்தனாங்கள். நீர் இஞ்ச வந்து அதையே செய்யிறீரோ?"

தக்காளி

மரவாளுக்கு உயிர் அதன் வரியில் இருக்கிறது. மரத்தின் வரி பிடியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேணும். குறுக்கே எங்காவது வெளியேறினால், பலமான அடி விழும்போது அந்த இடத்தில்தான் முறியும். அதனால் மரக்கடைக்குப் போனால் ஒவ்வொரு பலகையாகத் தூக்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கடைக்காரப் பெடியன்கள் என்னைக் கண்டாலே தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த வாள் ஒன்றை வெஸ்ட்கேட்டில் இருந்து கிளப்காரர் ஒருவர் கொண்டு வந்து மேசையில் போட்டார். வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. என்ன செய்தனீங்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். வடிவாக உற்றுப் பார்த்தால், நுனியில் மண். கைப்பிடிக்குக் குறுக்கே இருக்கிற கட்டையில் பச்சை நூல் கட்டிய அடையாளம். புது வீட்டுத் தோட்டத்தில், கோடை முழுக்கத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார், மனுசன்! எனக்கு வந்த விசருக்கு அளவே இல்லை. அவருக்கோ முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "தக்காளி நல்லாய்த்தான் வந்தது. வாள்தான் சரியில்லை," என்றார்.

பக்குரங்கா அம்மா

பக்குரங்காவில் இருந்து மலேசியாத் தமிழ் அம்மா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் ரேணு, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், கிளப்பில் புதிது. நான் தமிழில் கேட்டேன், அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள், தாய் இரண்டுக்கும் நடுவில் நின்று தலையாட்டினார். பிடியை ரேணுவின் கைக்குச் சரியாக மெல்லிசாக்கினேன். நாலைந்து தரம் வீசிப் பார்த்துவிட்டு, முதல் தரமாகச் சிரித்தாள்.

தாய்க்குத்தான் திருப்தி இல்லை. வாளைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மகளுக்குக் கேட்காமல் என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்: "அக்கா, இதுல அடிபட்டா வலிக்காத மாதிரி செஞ்சு கொடுங்க லா. ஆனா எம் பொண்ணு அடிச்சா அடுத்தவங்களுக்கு வலிக்கணும்."

பிளாஸ்டிக்

ஒரு நாள் கிரெக் வந்தார். வழக்கமாக வந்தவுடன் பலகைகளைப் பார்ப்பவர், அன்றைக்குத் தரையைப் பார்த்தார். கிளப் கமிட்டி பிளாஸ்டிக் வாளுக்கு மாறலாம் என்று யோசிக்கிறதாம். விரலில் பட்டால் நோவு குறைவு, பராமரிப்பு இல்லை, வாங்கிப் போட்டால் கிடக்கும். ஆயுத பூசை வருகிற அதே கிழமையில் ஒரு நாள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பிளாஸ்டிக், பாதிப் பேருக்கு என் மரம் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்களாம். புதிதாக ஆறு வாள் செய்து தரச் சொன்னார்.

இந்தக் கிளப் போனால் எனக்கு மிச்சமிருப்பது உதிரியாக வருகிற சனம் மட்டும்தான். மோர்ட்கேஜ் இருக்கிற வீட்டில் அது காணாது. பழையபடி ஃபாக்டரி, பழையபடி இருமல். என் முகம் போன போக்கைப் பார்த்து கிரெக் ஆறுதல் சொல்ல வெளிக்கிட்டார். "உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் என்றால், தக்காளிக்கு முட்டுக் கொடுத்தாலும் அப்படியே இருக்கும், பாருங்கள்."

சாண்ட்பேப்பர் வழக்கு

பூசைக்கு முதல் நாள் ஆறு வாளும் முடிந்தன. எண்ணெய் பூசுவது மட்டும்தான் பாக்கி. ஆயுத பூசைக்கு மற்ற வீடுகளில் லப்டொப்பும் கார்த் திறப்பும் வைப்பார்கள். பூசையன்று நான் சீவுளி, மரம் அறுக்கிற வாள்ச் சட்டம், உளி, ட்ரில், தூள் உறிஞ்சுகிற மெஷின் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினேன். ஆறு மரவாளையும் நுனி மேலே இருக்கச் சுவரில் சாத்தினேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இந்த ஆறுக்கும் கொஞ்சம் கூடவே அப்பினேன். நேரம் அப்படி.

கற்பூரம் காட்டி முடிய, கிரெக் வாசலில் நிற்கிறார். வகுப்பு அன்றைக்கு மாலையாம். நான் அடுத்த நாள் என்று நினைத்திருந்தேன். ஓடிப்போய்ப் பொட்டைத் துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை. எண்ணெய் காணாத வெள்ளை மரம், ஈரத்தோடு சிவப்பை அப்படியே குடித்துவிட்டது. ஆறு வாளிலும் நுனிக்கு ஒரு சாண் கீழே ஒவ்வொரு சிவப்பு வட்டம். ஐயோ என்று போய்விட்டது எனக்கு. தேய்த்தால் போகும், ஆனால் இன்றைக்கு ஆயுதத்தைக் கீழே வைத்துவிட வேணும், எடுத்து வேலை செய்யக் கூடாது. சாண்ட்பேப்பர் ஆயுதமில்லையே என்று ஒரு கணம் ஆசை வந்தது. அவரைப் பார்த்தேன், என் மனுசனைத்தான். குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார்: "ஆயுதமெண்டாலும் தொடேலாது, கடதாசியெண்டாலும் சரஸ்வதி, தொடேலாது. நீர் இண்டைக்குத் தப்பேலாது."

டயர்

அந்தக் கோலத்தோடேயே வாள்கள் போயின. கிரெக் அவற்றைக் காரில் ஏற்றினார். நானும் கூடப் போய், கிளப் பழகுகிற ஹோலில் ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்தேன். ஹாண்ட்பாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். புது மாணவர்கள் இரண்டு வரிசை. முன்னால் பழைய டயர் தொங்குகிறது. வாளின் நடுவால் அடித்தால் அடி செத்துப் போகும், நுனியால் அடித்தால் வழுக்கும். நுனிக்குக் கொஞ்சம் கீழேயுள்ள இடம்தான் டயரில் பட வேணும் என்று கிரெக் விளங்கப்படுத்தினார். பிளாஸ்டிக் வரிசை கண்டபாட்டுக்கு அடித்தது. என் வரிசையில் முதல் ஆள் ரேணு. அவள் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், போட்டாள் ஒரு அடி. ஹோலே அதிர்ந்தது. அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவன் தன் விரலிலேயே இடித்துக்கொண்டு துள்ளினான், அதையும் மறைக்காமல் சொல்ல வேணும். ஆனால் அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. பிறகு வரிசை மாற்றினார்கள். பிளாஸ்டிக் கைக்கு வந்ததும் ரேணு அதைத் திருப்பித் திருப்பித் தேடினாள். பிறகு இங்கிலீஷில் கத்தினாள்: "இதில் பொட்டைக் காணேல்லை, எந்த இடத்தால் அடிக்கிறது?" பார்க்க வந்திருந்த கமிட்டிக்காரர் மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

முடிவு அங்கேயே சொன்னார்கள். ஆளோடு ஆள் மோதுவதற்குப் பிளாஸ்டிக். புதிதாக வருகிற எல்லாருக்கும் முதல் வருஷம் முழுக்க என் மரவாள். ஃபாக்டரிக்குப் போகத் தேவையில்லை. கண் கலங்கிவிட்டது, ஹாண்ட்பாக்கில் டிஷ்யூ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். கிரெக் வந்து, அந்த இடத்தை எப்படி இவ்வளவு சரியாகக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டார். கணக்காவது கத்தரிக்காயாவது! சுவரில் சாத்தி வைத்த வாளுக்கு, முதுகு நோவோடு குனியாமல் என் கை எட்டின இடம் அது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "அப்படியென்றால் ஒன்றையும் மாற்றாதீர்கள். இனி எல்லா வாளுக்கும் அந்தப் பொட்டு வேணும், பூசை செய்தால்தான் அது சரியாக விழும் என்றால் பூசையும் செய்யுங்கள்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனுசன் குங்குமச் சிமிழைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். "அப்ப இனி உமக்கு வருஷம் முழுக்க ஆயுத பூசைதான்."

ஓம், வருஷம் முழுக்க ஆயுத பூசைதான். ஆனால் ஆயுதத்தைக் கீழே வைக்க ஒரு நாளும் விடுகிறார்கள் இல்லை.