தமிழ் அட்டை

1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பயிற்சி சூப்பர்வைசராக இருந்தேன். வேலை பழக வந்த ஊர்க்காரர்களுக்கு இங்கிலீஷ் வரவேண்டும் என்று நானே ஒரு விதி போட்டேன். தமிழ் பேசுகிறவர் கழுத்தில் ஓர் அட்டை. அடுத்தவர் தமிழ் பேசும்போது பிடித்துக் கொடுத்தால் அதை அவர் கழுத்துக்கு மாற்றலாம். தொடர்ந்து மூன்று சாயங்காலம் ஒருவரிடமே இருந்தால் வேலை போய்விடும். என் பள்ளிக்கூடத்தில் நான் பட்டதைத்தான், கொஞ்சமும் கூச்சமில்லாமல், இவர்கள் தலையில் கட்டினேன்.

வடக்குப்பட்டுக்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், பம்புசெட் மெக்கானிக்காக இருந்தவர். யாரையும் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அட்டை அவர் கழுத்தில் ஏறி அன்று மூன்றாம் நாள்.

அன்றுதான் கப்பலில் வந்த லேத் மெஷினை ஓட்டிக் காட்ட வெளிநாட்டு இன்ஜினியர் வந்தார். இங்கிலீஷ்காரர் என்று நினைத்து வழிந்தேன். "நான் வேல்ஸ்காரன்" என்று சிரித்தார். இங்கிலீஷுக்கு முன்பே அந்தத் தீவில் இருந்தது தங்கள் மொழிதானாம். "இங்கிலாந்தில் ஏவன் என்று சில ஆறுகள் ஓடுகின்றன. இங்கிலீஷ்காரர்களுக்கு அது வெறும் பெயர். எங்கள் மொழியில் அதற்கு ஆறு என்றே அர்த்தம்."

அப்போது வடக்குப்பட்டுக்காரர் கழுத்திலிருந்த அட்டை அவர் கண்ணில் பட்டது. பெருமையாக விளக்க ஆரம்பித்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னொருவனைக் காட்டிக்கொடுத்தால் கழற்றலாம், அப்படித்தானே? பள்ளிக்கூடத்தில் என் தாத்தா கழுத்திலும் இப்படி ஒரு மரத்துண்டு கிடந்தது. எங்கள் வெல்ஷ் மொழி பேசியதற்கு."

பேச்சை மாற்ற, லேத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன்.

லேத்தை ஓட்டியபோது ஏதோ கரகரத்தது. வடக்குப்பட்டுக்காரர் அதன் மேல் கை வைத்துப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "அவர் மொழியிலேயே சொல்லட்டும்" என்றார் இன்ஜினியர்.

"பரவால்ல, தமிழ்லயே சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைத்தான் பார்த்தார். "சொன்னா வேலைய வுட்டுத் தூக்கிட மாட்டியே சார்? வூட்ல ரெண்டு புள்ளைங்க கீது."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் இன்ஜினியர்.

உண்மையை மொழிபெயர்க்க எனக்கு நாக்கு எழவில்லை. "பெல்ட் லூசாக இருக்கிறதாம்" என்று இங்கிலீஷில் புளுகினேன்.

வடக்குப்பட்டுக்காரர் தலைகுனிந்தார். பிறகு மெதுவாக, நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில், "நோ பெல்ட் சார். பேரிங்" என்றார்.

கழற்றிப் பார்த்தார்கள். பேரிங்தான்.

அவர் வேலை தப்பியது, ஆனால் என்னால் அல்ல. சாயங்காலம் ஆவதற்குள் அட்டையை அவர் கழுத்திலிருந்து எடுத்தது அந்த வேல்ஸ்காரர்தான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.