பேகத்தின் ரைபிளுக்கு ஓர் ஆக்‌ஷன்

இரண்டாவது குழந்தை வரப்போகிறது என்று பரணிலிருந்து தொட்டிலை இறக்கினோம். தச்சர் வந்து ஆட்டம் கண்ட கால்களை முடுக்கி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனார். நேற்று மத்தியானம் முழுக்க வீட்டில் அந்த வாசனைதான். பச்சைக் குழந்தைக்கு இது ஆகுமோ ஆகாதோ என்று தொட்டிலை வெயிலில் வைத்தேன். வெயிலில் மரம் வெடித்துவிடுமோ என்று நிழலுக்கு இழுத்தேன். நிழலில் காயாமல் பிசுபிசுப்பு நின்றுவிடுமோ என்று மறுபடி வெயிலுக்கு. பார்த்துக்கொண்டே இருந்த என் மாமியார், "ஊர்வலம் முடிஞ்சதும் சொல்லு, கற்பூரம் காட்டலாம்" என்றார்.

அந்த எண்ணெய் வாசனை மற்றவர்களுக்கு ஜன்னல் கதவையோ மேஜையையோ நினைவூட்டும். எனக்கு அது துப்பாக்கி வாசனை. சொன்னால் சிரிப்பீர்கள். பட்டாசு வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடுகிறவள் நான்.

என் வீட்டுக்காரர் அப்போது செகந்திராபாத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் இருந்தார். எங்கள் இரண்டு குடும்பமும் அரக்கோணத்திலிருந்து ரயிலோடு வந்து லாலாகுடா ரயில்வே காலனியில் தங்கிவிட்டவை. பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரைக் கடை முதலாளி கூப்பிட்டு வைத்துக்கொண்டார். முதலாளி பார்சி, சேட் என்போம். கடையில் நுழைந்தால் துப்பாக்கிக் கட்டைக்குத் தேய்க்கும் இதே எண்ணெயும், இரும்பும், கட்டை செதுக்கிய அக்ரோட் மரத்தூளும் கலந்து ஒரு குளிர்ந்த மணம் வரும். கல்யாணமான புதிதில் இவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது அந்த மணத்தை மோந்து பார்ப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கி, சீமையிலிருந்து சரக்கு வருவது நின்றுபோயிருந்த சமயம். பழைய நகரத்தில் ஒரு நவாப், தம் பேகத்துக்கு அவள் அளவுக்கே ஒரு ரைபிள் செய்து தரச் சொன்னார். குளிர்காலத்தில் இருவரும் ஆதிலாபாத் காட்டுக்குப் புலி வேட்டைக்குப் போவதாக இருந்தது. இப்படிச் சொந்தமாகச் செய்யும் ரைபிளுக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆக்‌ஷன். குழாயின் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டி அது. தோட்டாவை வாங்கி, கதவை அடைத்துப் பூட்டி, சுட்ட பிறகு வெற்றுக் கூட்டை வெளியே துப்புவது. குழாயும், தோளில் வைக்கிற மரக்கட்டையும் அதைச் சுற்றித்தான் வளரும். கடையில் மிச்சமிருந்தவை மூன்றே வகை.

எந்த வகை கைக்குப் படியும் என்று பார்க்க, ஆளைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பேகமோ கோஷா. ஆண்பிள்ளைகள் முகம் பார்க்க முடியாது. ரவிக்கைக்கு அளவுச் சட்டை கொடுத்தனுப்பலாம். தோளையும் கையையும் எப்படிக் கொடுத்தனுப்புவது? சேட் யோசித்துவிட்டு இவரிடம், "உன் வீட்டம்மா கான்வென்டுல படிச்சது. உருதும் பேசுது. அது போய்ப் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது மூத்தவள் கைக்குழந்தை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. சொல்லாமலே கவலைப்படத் தெரியும். மூன்று ஆக்‌ஷன்களையும் பழைய கட்டைகளில் பூட்டி எங்கள் கூடத்தில் பாய்மேல் வரிசையாக வைத்து இவர் பாடம் எடுத்தார். முதலாவது போல்ட். வலப்பக்கம் ஒரு கைப்பிடி. தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, அமுக்க வேண்டும். வயிற்றில் ஐந்து தோட்டா கொள்ளும். இரண்டாவது, நடுவில் மடங்கும் இரட்டைக் குழல். இரண்டு குண்டு கையோடு தயார், ஆனால் அம்மிக்கல் கனம். மூன்றாவதில் அடியில் ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் இரும்புப் பலகை ஒன்று மதகு இறங்குவதுபோல வழுக்கி இறங்கும். தோட்டாவைச் செருகி லீவரை ஏற்றினால் மூடிக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரே குண்டு.

"மரத்துல கட்டின மேடை மேல ஒக்காந்தா பத்திரம்னு நெனைக்காதே. அடிபட்ட புலி மரம் ஏறும். ரெண்டாவது குண்டு எவ்ளோ சீக்கிரம் போவுதோ, அதான் உசிரு" என்றார் இவர்.

"இதை எங்கிட்டயா கேக்கறீங்க? புடவை எடுக்கப் போனாலே ரெண்டு தரம் கடைக்குத் திரும்பிப் போறவ நான்."

"நீ எதையும் தேர்ந்தெடுக்க வேணாம்மா. அவங்க கைக்கு எது படியுதுன்னு பார்த்துட்டு வா. அவ்ளோதான்."

மாமியார் முறுக்கு டப்பாவைப் புலிக்குப் பயந்ததுபோல நகர்த்தி வைத்துவிட்டு, "கைக்கொழந்தையத் தூக்கிக்கினு துப்பாக்கி விக்கப் போறா என் மருமவ" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

மாளிகையிலிருந்து திரை போட்ட மோட்டார் வந்தது. மடியில் குழந்தை, காலடியில் துணி சுற்றிய மூன்று ரைபிள். ஹுசேன் சாகர் கரைமேல் போகும்போது திரையின் இடுக்கு வழியே ஏரி ஒரு நீளமான வெளிச்சக் கோடாகக் கூடவே ஓடி வந்தது. குழந்தை அதைப் பிடிக்கக் கை நீட்டியது. எனக்கும் அது கனவில் போவதுபோலத்தான் இருந்தது. அந்தப் பயணத்தை நான் உண்மையாகவே போனேனா என்று இன்றைக்கும் சில சமயம் சந்தேகம் வரும்.

பெண்கள் இருக்கும் ஜனானாவில் வெட்டிவேர்த் தட்டிகள் கட்டி, தண்ணீர் தெளித்து, பட்டப்பகலில் ஒரு பச்சை இருட்டு. பேகத்துக்கு முப்பது, முப்பத்தைந்து இருக்கும். ஒல்லி, உயரம். அவள் பேசியது தக்கினி, இந்த ஊர் உருது. ஆனால் என் காதில் அது தமிழாகவே தங்கிவிட்டது, ஒன்றிரண்டு சொல் மட்டும் மாறாமல்.

ஒவ்வொன்றாக நீட்டினேன். விருந்தாளியிடம் வாங்குவதும் கொடுப்பதும் வலக்கையால்தான். அவர்களுக்கும் அப்படி, நமக்கும் அப்படி. நான் வலக்கையை முன்வைத்து நீட்டினேன், அவள் வலக்கையை முன்வைத்து வாங்கி, வலது தோளில் அழகாக வைத்தாள். இரட்டைக் குழல் கொஞ்ச நேரத்தில் தரையைப் பார்த்துக் குனிந்துவிட்டது. லீவர் வைத்ததை ஒருமுறை தட்டிப் பார்த்து வைத்துவிட்டாள். போல்டை ஆட்டிவிட்டு, "ஹவ், இது சரி. நவாப் சாஹிபும் இதைத்தான் சொல்றாரு. அஞ்சு குண்டு" என்றாள். வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஷர்பத் வந்தது. பேகம் குழந்தையைக் கேட்டு வாங்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அப்போது தட்டியிலிருந்து ஒரு பெரிய குளவி இறங்கி, குழந்தையின் முகத்துக்கு நேராக வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் பேகம் குழந்தையை வலது தோளோடு அணைத்துக்கொண்டு, கீழே கிடந்த விசிறியை எடுத்து ஒரே வீச்சில் குளவியை அடித்து வீழ்த்தினாள். குழந்தை அழக்கூட இல்லை.

விசிறி அவளுடைய இடது கையில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டது, கலைந்த முடியை ஒதுக்கியது, எல்லாம் இடது கை. கேட்கலாமா கூடாதா என்று தவித்து, கேட்டேவிட்டேன்.

"பேகம் சாஹிபா, உங்களுக்கு எந்தக் கை?"

"எதுக்கு?"

"குளவி அடிக்கறதுக்கு."

சிரித்தாள். அப்புறம் பணிப்பெண்ணை வெளியே அனுப்பினாள். "சின்ன வயசுல இந்தக் கையை ஓட்னித் துணியால கட்டிப் போட்டாங்க, பெஹன். சாப்பிட, எழுத, சலாம் வைக்க எல்லாம் வலது கை கத்துக்கிச்சு. அவசரம்னா மட்டும் இதுதான் முந்திக்குது."

போல்டை இடது தோளில் வைத்துக் காட்டச் சொன்னேன். கைப்பிடியோ வலப்பக்கம். இடது கையை விசையிலிருந்து எடுத்து, குறுக்கே எட்டி, முகத்தைப் பின்னால் இழுத்து, கட்டையைத் தோளிலிருந்து இறக்கி, மறுபடி ஏற்றி. அதற்குள் ஒரு புலி ஏணி வைத்தே ஏறி வந்துவிடும்.

"நவாப் சாஹிபுகிட்ட சொல்லிட்டா..."

"நக்கோ. நிக்கா ஆன நாளிலேர்ந்து அவருக்குத் தெரியாது. என் மாமியாருக்குத் தெரிஞ்சா எம் பொண்ணுங்களை வரிசையா நிக்கவெச்சு, அவங்களும் இடது கையான்னு பார்ப்பாங்க. உன் புருஷன்கிட்டயும் சொல்லாதே. கொழந்தை தலைமேல கை வெச்சுச் சொல்லு."

வைத்தேன். வேறு எதன்மேல் சத்தியம் கேட்டிருந்தாலும் பிறகு மனசை மாற்றிக்கொண்டிருப்பேன்.

"அப்போ எதை எடுக்கறது? நீயே சொல்லு" என்றாள்.

எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று இவர் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. ஐந்து குண்டு, கைக்கு ஒத்துவராத பக்கம். இரண்டு குண்டு, தூக்க முடியாத கனம். ஒரே குண்டு, எந்தக் கைக்கும் ஒத்துவரும். பேகம் லீவர் வைத்ததை மறுபடி எடுத்தாள், இந்தத் தரம் இடது தோளில். லீவர் இறங்கி ஏறியது. முகம் கட்டையைவிட்டு நகரவில்லை. பச்சை இருட்டில் அவள் தனியாக ஏதோ நடனம் பழகுகிறவள்போல அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். "இதுதான்" என்று சொன்னது என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

வீட்டில் இவர் நம்பவில்லை.

"ஒத்தக் குண்டா? புலிக்கா? ஏம்மா?"

"அவங்களுக்கு அதான் படிஞ்சுதுங்க."

"போல்டு என்னாச்சு?"

"படியலே."

"சரி, கட்டை?" ரைபிள் கட்டையை, சுடுகிறவர் எந்தத் தோளில் வைப்பாரோ அந்தப் பக்கம் லேசாக வளைத்துச் செதுக்குவார்கள்.

"நேரா இருக்கணுமாம். எந்தப் பக்கமும் வளைக்க வேணாமாம்."

இவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி. அடுத்த தோட்டாவைக் குழாயைத் தாங்குற கையில, விரலிடுக்குல வெச்சுக்கச் சொல்லு. எடுத்துப் போட நேரம் ஆகாது" என்றார். நவாப் ஆள் அனுப்பிக் கோபித்துக்கொண்டாராம். பேகம் சாஹிபாவின் இஷ்டம் என்று சேட் சமாளித்தார்.

அவர்கள் காட்டுக்குப் போன நாட்களில் நான் இந்த உலகத்தில் இல்லை. பாலில் உப்புப் போட்டேன். குழந்தைக்குச் சட்டையைத் திருப்பி மாட்டினேன். தூளியை ஆட்டிக்கொண்டே கண்ணைத் திறந்தபடி காட்டைப் பார்ப்பேன். ஆதிலாபாத்தை நான் பார்த்ததே இல்லை. என் காட்டில் தேக்கு மரங்கள் எங்கள் காலனி வேப்பமரங்களைப் போலவே இருக்கும். இலை விழும் சத்தம்கூட இல்லாமல் மஞ்சளாக ஏதோ ஒன்று நடந்து வரும். பேகம் சுடுவாள். படாது. உள்ளே இருந்தது அந்த ஒரே குண்டுதான். அத்துடன் கனவு முதலிலிருந்து தொடங்கும். அஞ்சு குண்டு இருந்திருக்கலாமே என்று நினைப்பேன். சத்தியத்தை மீறிச் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பேன். சொல்லிவிட்டு வந்திருந்தால் அதற்கும் இதே மாதிரி உருகியிருப்பேன் என்பதும் தெரியும்.

திரை போட்ட மோட்டார் மறுபடி வந்து நின்றபோது, டிரைவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "பேகம் சாஹிபா கூப்பிட்டாங்க" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பேகம் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். மத்தியானத்தில் பறையடித்துக் காட்டைக் கலைத்துப் புலியை விரட்டி வந்தார்களாம். பக்கத்து மரத்து மேடையில் நவாப். புலி இவள் பக்கம் வந்தது. முதல் குண்டு முன்னங்காலில். அது உறுமித் திரும்பி, நேராக இவள் மரத்துக்கே பாய்ந்தது.

"அப்புறம் என்ன செஞ்சேன்னு தெரியலே, பெஹன். லீவர் எறங்குச்சு, விரலிடுக்குல இருந்தது உள்ள போச்சு. மரத்தடியிலேயே விழுந்துச்சு."

"எந்தத் தோள்ல..."

"வேற எதுல?"

"நவாப் சாஹிப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. ஊருக்கு வந்து சாப்பிட ஒக்காந்ததும், என் பான்தானை எடுத்து அவரே என் இடப்பக்கம் நகர்த்தி வெச்சாரு. மாமியார் எதிர்லயே." வெற்றிலைப் பெட்டியை நகர்த்தியதைச் சொல்லும்போது, புலியைப் பற்றிச் சொன்னபோது நடுங்காத அவள் குரல் நடுங்கியது.

இப்போது சேட் இல்லை. அந்தக் கடையில் தையல் மிஷின் விற்கிறார்கள். நவாப் குடும்பம் பம்பாய் போய்விட்டது, அங்கிருந்து கராச்சிக்குக் கப்பலேறியது என்கிறார்கள். எனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. வெட்டிவேர்த் தட்டி கட்டிய வராந்தாவில் யாரோ பலகை அடித்து ஆபீஸ் ஆக்கியிருக்கிறார்களாம். ஏரிக்கரையில் திரை போட்ட மோட்டாரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

சமஸ்தானத்துக்குள் இந்தியப் படை வந்த பிறகு, நகரத்தில் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்க்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"குவியல்ல பேகத்தோடதும் கெடந்துச்சு."

"நல்லாத் தெரியுமா?"

"நான் பூட்டினது எனக்குத் தெரியாதா? நல்லாப் பொழங்கியிருக்காங்க. கட்டையில வலப்பக்கம் கன்னம் பட்டுப் பட்டுக் கண்ணாடியா ஆயிருந்துச்சு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தம் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இடது தோள்காரங்களுக்கு அங்கதான் படும்."

நான் மூத்தவளின் தலையைப் பார்த்தேன். இத்தனை வருஷம் இவரும் கேட்கவில்லை.

"அது எங்க இப்போ?" என்று மட்டும் கேட்டேன்.

"லாரியில ஏத்திட்டாங்க. உருக்கப் போறாங்களாம்" என்றார்.