கோரீனுக்குக் கிடைத்த நிமிடங்கள்

கோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மேற்கு வர்ஜீனியாவின் மலை வளைவுகளில், சாலை பனிக்கட்டியாகக் கிடக்கும் காலைகளிலும், ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்பு வராமல் ஓட்டியிருக்கிறாள். வண்டியை எடுக்கும் முன் கடைசி இருக்கை வரை நடந்துபோய் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவாள். எண்ணிக்கை இடித்தால் மறுபடி முதலிலிருந்து. தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் டெல்மர் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அன்று மாலை, பள்ளி விளையாட்டு அரங்கில் அவள் மைக்கை நோக்கி நடந்தபோது, அவன் அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் நிலக்கரிக் கம்பெனி ஆட்களோடு உட்கார்ந்திருந்தான். கம்பெனியே வண்டி வைத்து, நாள் சம்பளமும் தலைக்கு ஒரு நீலத் தொப்பியும் கொடுத்து, தன் பக்கம் ஆள் காட்ட அவர்களை அழைத்து வந்திருந்தது. நிலக்கரி கழுவிய கறுப்புத் தண்ணீரைத் தேக்கும் மண்சுவரை இன்னும் உயர்த்த வேண்டுமாம். அதற்கு மாநில அரசு அனுமதி தரும் முன் ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்க வேண்டும்; அதற்குத்தான் இந்தக் கூட்டம். அந்தச் சுவரின்மேல் புல்டோசர் ஓட்டுகிறவன் டெல்மர். போன வாரம் கோரீன் வீட்டில் பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டான்: சுவரின் அடியில் தண்ணீர் கசிகிறது, அதுவும் கலங்கலாக; உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். ஃபோர்மேனிடம் சொன்னதற்கு, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று பதில்.

"உன் பேர இழுக்கமாட்டேன், டெல். நம்பு" என்றாள் கோரீன். அவன் நம்பினான். பயம்தான் போகவில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தது.

மேடையில் இருந்த மாநில அதிகாரி முன்பு அதே கம்பெனியில் இருந்தவர். ஊருக்கே தெரியும்.

"கம்பெனி சம்பளம் நின்னுடுச்சா சார், இன்னும் வந்துகிட்டுதான் இருக்கா?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

"நம்ம செனட்டரோட எலெக்‌ஷன் செலவ யாரு பாத்துக்கிட்டாங்கன்னு அவரையே கேளு!" என்றாள் ஒருத்தி. அரங்கம் கொதித்தது.

அதிகாரி மேசையைத் தட்டினார். "பேரு, வீட்டு விலாசம் சொல்லிட்டுப் பேசணும். ஆளுக்கு மூணு நிமிஷம். வேணும்னா உங்க நிமிஷத்த வேற ஒருத்தருக்குக் குடுக்கலாம்."

கோரீன் தன் விலாசத்தைச் சொன்னாள். அவள் வீட்டுக் கதவை யாரோ திறந்து வைத்ததுபோல் டெல்மருக்கு இருந்தது.

"என் பஸ்ஸோட முதல் நிறுத்தம் அந்தச் சுவருக்கு நேர் கீழ. அடியில கலங்கலா தண்ணி கசியுது. உடைஞ்சா அந்தப் புள்ளைங்க ஓடக்கூட நேரம் இருக்காது."

முன்வரிசையில் இருந்த ஃபோர்மேன் கட்லிப் மெல்லத் திரும்பி, நீலத் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்ல."

"வேற யாரு பாத்தது?"

"சொல்லமாட்டேன்."

"யாரோ சொன்ன கதை" என்று கம்பெனி வக்கீல் சிரித்தார். மூன்று நிமிடம் முடிந்த மணி அடித்தது.

அப்போது ஓப்பல் ஸ்டிட்ஜர் என்ற விதவை எழுந்தாள். பேரும் விலாசமும் சொல்லி, "என் நிமிஷம் கோரீனுக்கு" என்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்து பெட்ரோல் பங்குக்காரர். அதற்கடுத்து முடிதிருத்தும் கடைக்காரர், அவர் மனைவி. பேசத் துணியாதவர்கள் எல்லாம் ஆளுக்கு மூன்று நிமிடத்தை அவள் தலையில் ஏற்றினார்கள்.

அவளிடமோ சொல்ல மிச்சம் ஒன்றும் இல்லை. பார்த்தவன் பேர் ஒன்றுதான் பாக்கி.

"நேரம் நெறைய இருக்கும்மா" என்றார் அதிகாரி. "இப்பவாவது சொல்லலாமே. யாரு பாத்தது?"

கோரீன் கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், எதிர்ப்பக்க இருக்கைகளைப் பார்த்தாள். டெல்மர் இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அதுதான் அவனைக் காட்டிக்கொடுத்தது. அவள் எங்கே பார்க்கவில்லை என்பதைக் கட்லிப்பும் கவனித்துவிட்டான். அவன் கண்கள் டெல்மரிடம் வந்து நின்றன.

டெல்மர் எழுந்தான். பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். டெல்மர் அந்தக் கையை உதறிவிட்டு நடந்தான்.

"போய் உக்காரு. லூசாடா நீ?" என்று கோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"தள்ளி நில்லு. எப்பப் பாரு என்னை விரட்டிக்கிட்டு."

பேரைச் சொன்னான். விலாசம் மைக்கில் விழவில்லை. இன்னொரு முறை சொன்னான்.

அதிகாரி சலிப்போடு, "உங்க நிமிஷமும் இந்தம்மாவுக்குத்தானே?" என்றார்.

"இல்லீங்க. எனக்கே வேணும்." மைக்கின் தண்டைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் பாத்தேன்."

கட்லிப் போனைக் காதில் வைத்தபடி வெளியே போனான். அவன் யாரிடம் பேசுவான், நாளைக் காலை கம்பெனி வாசல் காவலாளி தன்னிடம் என்ன சொல்வான் என்று டெல்மருக்குத் தெரிந்தது. அவன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்த எடத்துலன்னு சொல்லு, டெல்" என்றாள் கோரீன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "மெதுவா சொல்லு. நேரம் இருக்கு."

அவன் சொல்லத் தொடங்கினான்.