வலியைத் திருப்பித் தந்த ஊசி

உப்பளக் கொட்டகையில் கிடந்த என் துணிப்பையை ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு, மரக்காணத்திலிருந்து தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டால் நடக்க முடிந்தது. இப்ராஹிம் பாய் கண்ணில் படக் கூடாது. அது ஒன்றுதான் எண்ணம்.

ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்பவன் நான். இங்கே லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றினேன். பலகையில் ஏறும்போது கால் வழுக்கி, லாரி விளிம்பில் இடது விலா மோத விழுந்தேன். ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. எழுந்து மறுபடியும் மூட்டை தூக்கினேன்.

சற்று நேரத்தில் தலை சுற்றியது. உப்பளத்தில் தலை சுற்றினால் வெயில் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நிழலில் படுக்கவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, உப்பு போட்ட மோர் கொடுத்தார்கள். "பாவம், ஏசி ரூம்ல வளந்த புள்ள" என்று ஒருவர் சிரித்தார். விழுந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

லாரி ஓட்டும் இப்ராஹிம் பாய் வந்து என் கையைத் தொட்டார். "டேய், இவன் ஐஸ் மாதிரி இருக்கான்டா. வண்டிய எடுங்க" என்றார்.

இதைப் படிக்கும் உப்பளத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். கொளுத்தும் வெயிலில் ஒருவன் உடம்பு சில்லிட்டு வியர்த்தால் மோர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். எனக்கு மண்ணீரல் (இடது விலாவுக்குள் இருக்கும், ரத்தம் நிறைந்த உறுப்பு) கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் போன சிறிய ஆஸ்பத்திரியில் வலிக்கு மார்பின் (அபினிலிருந்து வரும் வலி மருந்து) போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே போனபோது வலியே இல்லை. மூச்சும் குறைந்துகொண்டிருந்தது. ரத்தம் ஏற்றியும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. அங்கிருந்த டாக்டரம்மா, நலாக்ஸோன் (அபின் வகை மருந்துகள் உடம்பில் போய் ஒட்டும் இடங்களை மறித்துக்கொள்ளும் மருந்து) கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்.

வலி மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. கத்தினேன். உடுப்பிலேயே சிறுநீர் போனது. என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த பாயை, அவருடைய அம்மாவையும் சேர்த்து, எழுத முடியாத வார்த்தைகளால் திட்டினேன். எல்லாம் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகும் அவர் எனக்காக ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாராம்.

மண்ணீரலை எடுத்த பிறகு, அந்த ஊசி எதற்கு என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"வலிக்குப் போட்ட மருந்து உங்க மூச்சை அமுக்கிடுச்சு. ரத்தம் கொட்டுறப்ப நம்ம உடம்பும் அபின் மாதிரி ஒண்ணைத் தானாவே சுரக்கும். அதுவும் பிரஷரை இறக்கும்னு சொல்றாங்க. நாங்க போட்டது ரெண்டையும் மறிக்கும்."

"அதாலதான் பொழைச்சேனா?"

"இல்லப்பா. மூச்சு திரும்புச்சு, பிரஷர் கொஞ்சம் ஏறுச்சு, அவ்ளோதான். காப்பாத்துனது ரத்தமும் ஆபரேஷனும். ரத்தம் போற எல்லாருக்கும் இதைப் போட மாட்டோம்."

திட்டியது மருந்தா நானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மருந்துக்கு அந்த வார்த்தைகள் தெரியாது.

தெற்கே நடந்துகொண்டிருந்த எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. பாயின் லாரி.

"ஏம்பா, சொல்லாம கொள்ளாம ஓடுறியா? ஏறு."

ஏறினேன்.

"பாய், அன்னைக்கு நான் பேசுனது..."

"என்னைப் பேசுனது போவட்டும். அம்மாவப் பேசுனது மட்டும் இன்னும் காதுலயே இருக்குது." கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. "மூட்டை இனிமே தூக்க முடியாதுல்ல? கூனிமேட்டுல அம்மா இடியாப்பக் கடை வெச்சிருக்குது. கட்டிக் குடுக்க ஆள் இல்ல."

"நான் திட்டுனது அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. சொல்லணும்னா நீ சொல்லு."

மறுநாள் காலை அந்தக் கடையில் உட்கார்ந்தேன். அம்மா இடியாப்பத்தை எடுத்துப் போட, நான் இலையில் வைத்துக் கட்டினேன். முன்பெல்லாம் ஒரு நாள் என்பது இத்தனை மூட்டை என்றுதான் கணக்கு. இப்போது ஒரு பொட்டலத்துக்கும் அடுத்த பொட்டலத்துக்கும் நடுவில் என் மூச்சு போய் வருவது எனக்குத் தெரிகிறது. குனியும்போதெல்லாம் தையல் இழுத்தது.

"வலிக்குதா தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"வலிக்குதும்மா" என்றேன். கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."