புளுகுணிச் சாமியின் ஈரச் செருப்பு

அக்காவுக்குப் பல்செட் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து, மெழுகில் ஈறு வடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நடுவாள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாக உட்காரும்வரை சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பாள். யாருடைய வாய் என்று தெரியாது. முகமில்லாமல் வரும், பல்லோடு போகும்.

அம்மா இறந்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது. உதட்டைக் கடித்தாலும் உறைக்காது.

தம்பி வேறு ஊரில் லாரி ஆபீஸில் இருக்கிறான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "வந்துடறேன்க்கா" என்றான். வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. ஏன் என்று இவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஃபோன் செய்தவன், "அந்த கேமை முடிச்சியா?" என்றுதான் ஆரம்பித்தான்.

இருவரும் அவரவர் வீட்டிலிருந்து ஆடும் கேம் அது. அதில் ஒரு குறும்புக்காரச் சாமி உண்டு. வழியைத் திருப்பி வைப்பான், சாவியை ஒளிப்பான், கேட்டால் சிரிப்பான். ஆடுகிறவர்கள் வைத்த பெயர் புளுகுணிச் சாமி. "கடைசிக் கதவு திறக்கும்போது உன் பக்கத்தில் நிற்பேன்" என்று அவன் வாக்குக் கொடுப்பான். கதவு திறக்கும், அவன் இருக்கமாட்டான். வாசலில் அவனுடைய செருப்பு மட்டும் கிடக்கும், சொட்டச் சொட்ட ஈரமாக.

அவன் ஏன் வரவில்லை என்று ஊர் உலகமே இணையத்தில் அடித்துக்கொண்டது. வேண்டுமென்றே ஏமாற்றினான் என்றார்கள் சிலர். கதவைக் காக்கும் பூதமே அவன்தான் என்றார்கள் வேறு சிலர்.

"வந்திருக்கான்க்கா. வராதவன் செருப்பு எப்படி நனையும்?" என்பான் தம்பி.

"வந்தவன் ஏன்டா நிக்கல?"

"ஏதாவது காரணம் இருக்கும்."

"என்ன காரணம்? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"அது சாமியாச்சேக்கா. உன்கிட்ட லீவ் லெட்டர் குடுக்குமா?"

ஞாயிறுதோறும் இதே பேச்சு. வேறெதுவும் பேசமாட்டார்கள். அம்மா என்ற சொல் இருவர் வாயிலும் வராது.

பட்டறையில் கூட வேலை பார்க்கும், பல்லுக்கு மெருகு போடும் அண்ணன் ஒருவர் கேலி செய்வார். "என்னம்மா, உங்க சாமி இந்த வாரமாவது வந்தாரா?"

"இன்னும் செருப்புதான் வந்திருக்கு."

ஒருநாள் அவரே ஃபோனை நீட்டினார். கேமைச் செய்தவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். சாமி வரும் காட்சி ஒன்று திட்டத்தில் இருந்ததாம். செய்து முடிக்க நேரமில்லாமல் விட்டுவிட்டார்களாம். செருப்பு அந்தக் காட்சிக்கு வரைந்தது. எடுக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான், காரணம் எதுவும் இல்லை.

"சாமிதான் புளுகுணின்னு பார்த்தா, செஞ்சவங்க அதுக்கும் மேல இருக்காங்களே!" என்று சிரித்தார் அண்ணன்.

அவள் படித்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். கையிலிருந்த கடைவாய்ப் பல்லை மெழுகில் அழுத்தினாள். கோணலாக உட்கார்ந்தது. பிடுங்கி மறுபடி நட்டாள்.

அந்த ஞாயிறு தம்பி கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பேச அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. இப்படியே விட்டால் இவனும் போய்விடுவான் என்று அவளுக்குப் புரிந்தது. வருத்தமாக இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததுபோல் புரிந்தது, அவ்வளவே.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மெழுகு உருக்கும் அடுப்பை அணைத்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

"படிச்சியா?" என்றான் எடுத்தவுடன். "அவங்க சொன்னா ஆச்சா? நான் நம்பலக்கா. செருப்பு ஈரமா இருந்துச்சு இல்ல?"

"அவனை விடு. நீ ஏன்டா வரல?"

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது. யாரோ "வா, வா, வா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். லாரி நின்றது.

"ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன்க்கா. எதிர்ல டீக்கடைக்கிட்ட நின்னேன். அம்மாவை அப்படிப் பார்க்க முடியாதுன்னு தோணுச்சு. போயிட்டேன்."

"எப்போ?"

"கடைசி நாள். நல்ல மழை அன்னிக்கு."

மழை பெய்தது அவளுக்குத் தெரியாது. அன்று முழுக்க அவள் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

"நனைஞ்சியா?"

"தொப்பலா."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தபாடில்லை.

"சரி, ஞாயித்துக்கிழமை கூப்பிடு" என்றாள்.

"என்னக்கா பேசறது?"

"அம்மாவோட பல்செட் இன்னும் என்கிட்டதான் இருக்கு. என்ன செய்யறதுன்னு தெரியல. அதைப் பேசுவோம்."

ஃபோனை வைத்துவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். மெழுகு இளக நேரம் பிடித்தது.